அம்மாக்களின் முறைப்பட்டியலைத் திரும்பப் பெறுங்கள்

எங்கள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியர் அம்மா அவர்களுக்கும், எங்கள் வட்டாரக் கல்வி அலுவலர் ஐயா அவர்களுக்கும்,

சென்ற வாரம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்த அறிவிப்பைப் பற்றி எழுதுகிறேன். வரும் மாதத்திலிருந்து வகுப்புக்கு ஒரு வாரம் என்று முறை வைத்து, அந்தந்த வகுப்புப் பிள்ளைகளின் தாய்மார்கள் காலை எட்டு மணிக்கு வந்து வளாகத்தைப் பெருக்கி, கழிப்பறைகளைக் கழுவித் தர வேண்டுமாம். வர முடியாதவர்கள் 200 ரூபாய் கட்ட வேண்டுமாம். இரண்டும் செய்யாதவர்களின் பெயர் குழுவில் போடப்படுமாம். அறிவிப்புக்குக் கீழே அம்மாக்களின் பெயர்கள் இரண்டு பத்தியாக இருந்தன. தலைப்பில் ‘பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானத்தின்படி’ என்று போட்டிருந்தீர்கள். அந்தக் குழுவில் நானும் ஒரு உறுப்பினர். நான் இருந்த எந்தக் கூட்டத்திலும் இப்படி ஒரு பேச்சே எழவில்லை.

பெற்றோர் பள்ளிக்கு உதவக் கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாக உதவ வேண்டும், இதுவரை உதவியும் இருக்கிறோம். போன ஐப்பசி மழையில் விளையாட்டுத் திடல் சேறாகிக் கிடந்தபோது, டிப்பர் ஓட்டும் ஒரு அப்பா ஞாயிற்றுக்கிழமை கிராவல் கொண்டுவந்து கொட்டினார். மண்வெட்டியோடு போய் நிரவியது யார் என்று உங்களுக்கே தெரியும். ஆண்டு விழாவுக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் போட்டிருந்த உடுப்பெல்லாம் கம்பெனியில் கழித்துப்போட்ட துணியில் எங்கள் டெய்லர் அம்மாக்கள் ராத்திரி உட்கார்ந்து தைத்தவை. குழாய் உடைந்தபோது பிளம்பர் வேலை பார்க்கும் அப்பா வந்து மாற்றிக் கொடுத்துவிட்டு டீ கூடக் குடிக்காமல் போனார். அதற்கெல்லாம் பட்டியல் எதுவும் போடவில்லை. இது வேண்டும் என்று சொன்னீர்கள், முடிந்தவர் முடிந்த நாளில் வந்தார், வேலை முடிந்தது, அவரவர் வீட்டுக்குப் போனோம்.

இப்போது நீங்கள் கேட்பது தினமும் நடக்க வேண்டிய, முடிவே இல்லாத ஒரு வேலை. அதைச் செய்ய ஒரு ஆளை வைத்து, அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். அந்தச் சம்பளத்தை மிச்சம் பிடிக்கத்தான் எங்கள் பெயர்கள் அந்தப் பட்டியலில் ஏறியிருக்கின்றன.

முதலில், அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். திருப்பூரைச் சுற்றி இருக்கிற எந்த அரசுப் பள்ளியை எடுத்தாலும் பெரும்பாலான அம்மாக்கள் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். செக்கிங், கைமடி, பிசிர் வெட்டுவது, ஓவர்லாக். எட்டரைக்கு ஷிப்ட் தொடங்கும். எட்டு மணிக்கு எங்கள் லைன் வீடுகளின் முன்னால் வேன் வந்து நிற்கும். அதைத் தவறவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. ஆர்டர் நேரத்தில் ஒன்றரை ஷிப்ட், ராத்திரி எட்டரைக்குத்தான் வெளியே விடுவார்கள். சனிக்கிழமை சம்பளம் வாங்கும்போது எத்தனை ஷிப்ட் என்பதுதான் கணக்கு. அரை ஷிப்ட் குறைந்தாலும் அது மளிகைக் கடையில் தெரியும். ஒரு வாரம் காலை எட்டு மணிக்குப் பள்ளிக்கு வா என்றால் ஒரு வாரச் சம்பளத்தை விடு என்று பொருள். 200 ரூபாயைக் கட்டிவிட்டுப் போகலாமே என்றால், எட்டாம் வகுப்பு வரை எந்தப் பெயரிலும் காசு கேட்கக் கூடாது என்பதுதானே இலவசக் கட்டாயக் கல்வி?

அடுத்து, கழிப்பறை. அதன் நிலை எங்களுக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். பெண் பிள்ளைகள் பக்கம் இருக்கும் மூன்றில் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தொட்டித் தண்ணீர் காலை இடைவேளையோடு தீர்ந்துவிடுகிறது. தேய்க்கிற பிரஷ்ஷில் முடியே இல்லை, வெறும் பிளாஸ்டிக் கட்டைதான். நாலாம் வகுப்பு படிக்கும் என் மகள் காலையில் நிரப்பிக் கொடுக்கும் தண்ணீர் பாட்டிலைச் சாயங்காலம் அப்படியே கொண்டுவருகிறாள். ஏன் கண்ணு குடிக்கவில்லை என்று கேட்டால், குடித்தால் அங்கே போக வேண்டி வரும் என்கிறாள். அவளோடு படிக்கும் பிள்ளைகளும் அப்படித்தான். ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்புப் பெண்கள் மாதத்தில் சில நாள் பள்ளிக்கே வருவதில்லை. அதற்கான காரணத்தை வருகைப் பதிவேட்டில் எழுத இடமில்லை.

அதனால் கழிப்பறை சுத்தமாக இருக்க வேண்டும் என்பதில் உங்களைவிட எங்களுக்கு அவசரம் அதிகம். அந்த அவசரத்தைக் காட்டித்தான் எங்களை வேலைக்கு இழுக்கிறீர்கள் என்பதே என் வருத்தம்.

முன்பு ஒரு அக்கா வந்து சுத்தம் செய்துகொண்டிருந்தார். மாதம் 1,500 ரூபாய். அதுவும் மாதாமாதம் கைக்கு வராது. சில சமயம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேர்த்து வரும். செக்கிங் வேலைக்குப் போனால் ஒரு வாரத்திலேயே அதைவிட அதிகம் கிடைக்கும். அவர் எத்தனை காலம்தான் பொறுப்பார்? நின்றுவிட்டார். அவர் நின்ற பிறகு வேறு ஆளைப் போடச் சொல்லிக் கடிதம் அனுப்பியதாக, தலைமை ஆசிரியர் அம்மா, நீங்கள் சொன்னீர்கள். உங்கள் சொந்தக் காசில் பினாயில் வாங்கியதையும், பிள்ளைகளின் விவரங்களை இணையத்தில் ஏற்றும் எமிஸ் பதிவுக்கும் வகுப்புக்கும் நடுவில் நீங்கள் படும் பாட்டையும் பார்த்திருக்கிறேன். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் மேலே இருந்து பதில் வராத கடிதத்தின் சுமையை எங்கள் தலைக்கு மாற்றிவிட்டீர்கள். நாங்கள் முறை வைத்துக் கழுவ ஆரம்பித்த அன்றைக்கே அந்தக் கடிதம் செத்துவிடும். பள்ளிதான் சுத்தமாக இருக்கிறதே, ஆள் எதற்கு என்று அலுவலகத்தில் கோப்பை மூடிவிடுவார்கள். அப்புறம் எந்தக் காலத்திலும் எங்கள் பள்ளிக்கு ஒரு தூய்மைப் பணியாளர் வர மாட்டார்.

வட்டாரக் கல்வி அலுவலர் ஐயா, இந்த இடத்தில் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். பள்ளியில் தாய்மார்கள் தினமும் செய்யும் வேலைக்குக் கூலி உண்டு என்பதைத் தமிழ்நாடு அரசே ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் சமைப்பவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள். அதே பள்ளியில் பிள்ளை படிக்கும் அம்மாவைத்தான் அதற்கு எடுக்கிறார்கள். அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கப்படுகிறது. 2021-இல் இல்லம் தேடிக் கல்வி வந்தபோது, மாலையில் பாடம் சொல்லிக் கொடுக்க வந்தவர்களைத் தன்னார்வலர் என்றுதான் அழைத்தார்கள். அவர்களுக்கும் மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை இருந்தது. உப்புமா கிண்டுகிற அம்மாவுக்குக் கூலி உண்டு, கழிப்பறை கழுவுகிற அம்மா மட்டும் இலவசமாகச் செய்ய வேண்டும், செய்யாவிட்டால் தண்டம் கட்ட வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்?

இனி எழுதப் போவதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதாமல் விட்டால் இந்த மடலுக்கே அர்த்தம் இல்லை. பட்டியலில் ஒரு பத்தி ‘வளாகம்’, இன்னொன்று ‘கழிப்பறை’. என் பெயர் வளாகம் பக்கம் இருக்கிறது. என் மகளோடு ஒரே பெஞ்சில் உட்காரும் பெண்ணின் அம்மா பெயர் கழிப்பறைப் பக்கம் இருக்கிறது. மற்ற வகுப்புகளையும் பார்த்தேன். கழிப்பறைப் பக்கத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் காலனிக்காரர்கள். மீதிப் பேர் வடக்கே இருந்து வந்து லைன் வீடுகளில் இருக்கும், தமிழ் சரியாகப் படிக்கத் தெரியாத அம்மாக்கள். யார் மனதில் என்ன இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. தற்செயலாகவே அமைந்திருக்கலாம். ஆனால் அந்தப் பட்டியலைப் படிக்கும் காலனிப் பெண் ஒருத்திக்கு அது தற்செயலாகத் தெரியாது. தன் அம்மாவும் பாட்டியும் எந்த வேலையில் தள்ளப்பட்டார்களோ, அதிலிருந்து பிள்ளையையாவது மீட்க வேண்டும் என்றுதானே அவள் பள்ளிக்கு அனுப்புகிறாள். பக்கத்து ஈரோடு மாவட்டத்தில், பெருந்துறை அருகே, பட்டியலினப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்தார் என்ற புகாரில் 2022-இல் ஒரு தலைமை ஆசிரியர் கைதானது உங்கள் இருவருக்கும் தெரியும். பிள்ளைகளைச் செய்ய வைக்கக் கூடாத வேலையை அந்தப் பிள்ளைகளின் கண் முன்னாலேயே அவர்களின் அம்மாவைச் செய்ய வைப்பதில் என்ன வித்தியாசம் இருக்கிறது? வகுப்பு ஜன்னலில் இருந்து பார்க்கிற பிள்ளைக்கு மறுநாள் என்ன பட்டப்பெயர் கிடைக்கும் என்று யோசித்தீர்களா?

அந்தப் பட்டியலில் ஒரு அப்பாவின் பெயர் கூட இல்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

சரி, பெற்றோர் பள்ளிக்கு என்னதான் செய்ய வேண்டும்? அதை நான் சொல்வதைவிடச் சட்டமே சொல்லட்டும். இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் 21-ஆம் பிரிவுப்படி அமைந்ததுதான் பள்ளி மேலாண்மைக் குழு. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் வேண்டும். குழுவின் வேலைகளாக அந்தப் பிரிவு சொல்வது: பள்ளி எப்படி நடக்கிறது என்று கண்காணிப்பது, பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரித்துப் பரிந்துரைப்பது, அரசிடமிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் வரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது. துடைப்பம் அதில் எங்கேயும் இல்லை.

சட்டம் கொடுத்த இந்த வேலையை எங்களைச் செய்ய விட்டீர்களா? 2022 மார்ச் 20 அன்று தமிழ்நாடு முழுக்க அரசுப் பள்ளிகளில் பெற்றோர் கூட்டம் நடந்தது. என் மூத்தவன் அப்போது மூன்றாம் வகுப்பு. அன்றைக்குப் போய் உட்கார்ந்தவர்களில் நானும் ஒருத்தி. இந்தப் பள்ளி உங்கள் பள்ளி, கேள்வி கேளுங்கள் என்று சொன்னார்கள். நிஜமாகவே நம்பிக்கை வந்தது. 2024-இல் குழுவைத் திரும்ப அமைத்து, பழைய மாணவர்களையும் சேர்த்து 24 பேர் ஆக்கினார்கள். நானும் உறுப்பினர் ஆனேன். அதற்குப் பிறகு நடப்பதைச் சொல்கிறேன். கூட்டம் வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு. கம்பெனிக்குப் போகும் எந்த அம்மா அந்த நேரத்துக்கு வர முடியும்? வருபவர்கள் ஏழெட்டுப் பேர். வராதவர்களின் கையெழுத்துக்குத் தீர்மான நோட்டு வீட்டுக்கு வரும், சில சமயம் ரேஷன் கடை வரிசைக்கே வரும். ‘இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்கக்கா’ என்று காட்டும் பக்கத்தில் தேதியைத் தவிர ஒரு வரி எழுத்து இருக்காது. பிள்ளை அங்கே படிக்கிறது, டீச்சர் அனுப்பியிருக்கிறார், மறுக்க யாருக்கு மனசு வரும்? நான் ஒருமுறை எழுதிய பிறகு போடுகிறேன் என்று சொன்னதற்கு, ‘உங்களுக்கு மட்டும் ஏங்க இவ்வளவு சந்தேகம்’ என்று கேட்டார்கள். அப்படிப்பட்ட வெற்றுப் பக்கம் ஒன்றில்தான் இந்த முறைப்பட்டியல் தீர்மானம் ஏறியிருக்க வேண்டும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

கணக்கும் அப்படித்தான். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 100-க்கு மேல் 250 வரை பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு ஆண்டு மானியம் 50,000 ரூபாய் வரை உண்டு. அதில் குறைந்தது பத்து சதவீதத்தைத் தூய்மைக்கு ஒதுக்க வேண்டும் என்பது விதி. எங்கள் பள்ளி அந்தக் கணக்கில்தான் வருகிறது. அப்படியானால் 5,000 ரூபாய்க்கு என்ன வாங்கினோம் என்று கூட்டத்தில் கேட்டேன். ‘அதெல்லாம் ஆடிட் பார்த்துக்கொள்வார்கள்’ என்றார்கள். 2024-25-இல் மத்திய அரசு இந்தத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய நிதியை நிறுத்தி வைத்ததைச் செய்தியில் பார்த்தோம். பணம் வரவில்லை என்றால் வரவில்லை என்றே குழுவில் சொல்லுங்கள். எவ்வளவு வந்தது, எவ்வளவு வரவில்லை என்று தெரிந்தால் நாங்களே தீர்மானம் போட்டு மேலே கேட்போம், கிராம சபையில் எழுந்து கேட்போம். எங்களுக்குத் தெரிந்த வேலை அது. பேரம் பேசவும் கணக்குக் கேட்கவும் எங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, ஒவ்வொரு சனிக்கிழமையும் செய்கிறோம்.

இன்னொன்றும் அடிக்கடி காதில் விழுகிறது. காமராஜர் காலத்தில் ஊரே சேர்ந்து பள்ளிக்கூடம் கட்டவில்லையா என்கிறார்கள். கட்டினார்கள். 1950-களின் கடைசியில் நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. நிலம், ஓடு, பெஞ்சு, கரும்பலகை என்று மக்கள் கொடுத்தார்கள். வசதி உள்ளவர்கள் தங்களால் முடிந்ததை மேடையில் அறிவித்துக் கொடுத்த காலம் அது. ஆசிரியர் சம்பளத்தை அரசு பார்த்துக்கொண்டது, மதியச் சாப்பாட்டுச் செலவிலும் பெரும் பங்கை அரசே கொடுத்தது. கூலிக்குப் போகும் பெண்களிடம் கழிப்பறை கழுவ வா, இல்லாவிட்டால் காசு கட்டு என்று கேட்பதற்கு அந்தப் பெரியவர்களின் பெயரை இழுக்காதீர்கள்.

பெற்றோர் எவ்வளவு செய்ய வேண்டும் என்பதற்கு என் கணக்கு இது. பள்ளியைக் கவனிப்பது, கேள்வி கேட்பது, திட்டம் போடுவது ஆகியவை எல்லாப் பெற்றோருக்கும் உள்ள பொறுப்பு, அதற்கு நேரம் ஒதுக்கத்தான் வேண்டும். ஒதுக்கத் தயாராகவும் இருக்கிறோம். கையால் செய்யும் உதவி அவரவர் விருப்பம். அதைக் கேட்கலாம், கட்டாயப்படுத்தக் கூடாது. செய்த அம்மாவின் பிள்ளைக்கும் செய்யாத அம்மாவின் பிள்ளைக்கும் வகுப்பில் நடத்தை மாறக் கூடாது. தினமும் நடக்க வேண்டிய வேலைக்கு ஆள் போட வேண்டியது அரசு. கம்பெனியில் சூப்பர்வைசர் ஒருவர் வேலை முடிந்த பிறகு எங்களைக் கூட்டிப் பெருக்கச் சொன்னால் அதற்கும் ஓவர்டைம் போடுங்கள் என்று சண்டை பிடிக்கிறோம். பள்ளிக்கூடத்தில் மட்டும் வாய் திறக்காமல் இருக்கிறோம் என்றால் அது எங்கள் பிள்ளைகளுக்காக. அந்தப் பயத்தைப் பயன்படுத்திக்கொள்வது உங்களுக்கு அழகல்ல.

உங்களிடம் நான் கேட்பது இவைதான்.

முறைப்பட்டியலையும் 200 ரூபாய் அறிவிப்பையும் திரும்பப் பெறுகிறோம் என்று அதே வாட்ஸ்அப் குழுவில் அறிவிக்க வேண்டும். எழுத்தில் மட்டும் போதாது, படிக்க முடியாத அம்மாக்களுக்காகக் குரல் பதிவாகவும் போட வேண்டும், இந்தியிலும் சொல்ல வேண்டும். ஆறாம் வகுப்பில் இரண்டு மொழியும் சரளமாகப் பேசும் பிள்ளைகள் இருக்கிறார்கள், சொல்லித் தருவார்கள். ஏற்கெனவே யாராவது 200 ரூபாய் கட்டியிருந்தால் திருப்பித் தர வேண்டும்.

தூய்மைப் பணியாளர் ஒருவரை மாதாமாதம் தவறாத, வாழத் தக்க சம்பளத்தில் நியமிக்கச் சொல்லி அடுத்த கூட்டத்தில் தீர்மானம் கொண்டு வருகிறேன். தலைமை ஆசிரியர் அம்மா, அதைத் தீர்மான நோட்டில் எழுதி, மேலாண்மைக் குழுவுக்கான செயலியிலும் பதிவேற்றுங்கள். வட்டாரக் கல்வி அலுவலர் ஐயா, அதை ஒன்றிய அலுவலகத்துக்கும் மாவட்டத்துக்கும் அனுப்பி, அனுப்பிய கடிதத்தின் நகலைக் குழுவுக்குத் தாருங்கள். ஆள் வரும்வரை தற்காலிகமாக யாரையாவது கூலிக்கு வைக்க ஊராட்சியிடமும் பேசுங்கள், நாங்களும் கூட வருகிறோம். தாழ்ப்பாளும் பிரஷ்ஷும் அதற்காகக் காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே வாங்கிவிடலாம்.

மேலாண்மைக் குழுக் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை காலைக்கு மாற்றுங்கள். எல்லா மாதமும் முடியாவிட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது. 2022 மார்ச் 20 ஞாயிற்றுக்கிழமைதான், அன்றைக்கு மாநிலம் முழுக்க நடத்த முடிந்தது. அந்த நாளுக்கு ஈடாக ஆசிரியர்களுக்கு விடுப்புக் கொடுப்பது உங்கள் கையில் இருக்கிறது ஐயா, அவர்களின் ஞாயிற்றுக்கிழமையை நாங்கள் இலவசமாகக் கேட்கவில்லை.

எழுதாத பக்கத்தில் இனி யாரிடமும் கையெழுத்து வாங்கக் கூடாது. மானியத்தில் எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்பதை அலுவலக அறைக்கு வெளியே இருக்கும் பலகையில் ஒட்டுங்கள். பெற்றோரிடம் உதவி வேண்டுமென்றால் என்னென்ன வேண்டும் என்று அதே பலகையில் எழுதிப் போடுங்கள், அப்பாக்களையும் சேர்த்துக் கூப்பிடுங்கள். வருபவர் தன் பெயரைத் தானே எழுதிக்கொள்ளட்டும்.

கடைசியாக ஒன்று. இந்த மடலை எழுதியதற்காக என் பிள்ளைகள் இருவரிடமும் வகுப்பில் யாரும் எதுவும் கேட்கக் கூடாது. கேள்வி இருந்தால் என்னிடம் கேளுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் போன் எடுப்பேன், ஞாயிற்றுக்கிழமை நேரில் வருவேன். உங்கள் பதிலை அடுத்த கூட்டத்துக்கு முன்னால் எழுத்தில் கொடுத்து, கூட்டத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நான்காம் வகுப்பு மாணவி, ஏழாம் வகுப்பு மாணவன் ஆகியோரின் தாய்,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்